இரவல் கோட்டு

ஆள் பாதி, ஆடை பாதி என்று முதலில் சொன்ன மனிதர் யாரோ, அவர் மீது எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் உண்டு. அவர் பேச்சை நம்பித்தான் நான் கெட்டேன்.

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். மதுரையில் ஒரு கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். அம்மா முந்திய நாளே என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு உலர்த்தி, பித்தளைச் செம்பில் தணலை அள்ளிப் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். நானோ, சிநேகிதனின் அண்ணனிடம் ஒரு கறுப்புக் கோட்டு இரவல் வாங்கி வந்து அதன்மேல் மாட்டிக்கொண்டேன்.

“ஏம்ப்பா, சட்டை நல்லா இல்லையா?” என்றாள் அம்மா.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

சித்திரை மாதத்து வெயில். கோட்டின் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. அதை இழுத்து இழுத்து விடுவதிலேயே என் கவனம் போயிற்று. கேட்ட கேள்விகளில் பாதி காதில் விழவில்லை. கடைசியில், “தகப்பனார் என்ன செய்கிறார்?” என்றார் ஒருவர். ‘விவசாயம்’ என்ற சொல் அந்தக் கோட்டுக்குள்ளிருந்து வெளியே வர மறுத்துவிட்டது. விழித்தேன். வேலை கிடைக்கவில்லை.

கால் போன போக்கில் நடந்து மேலமாசி வீதிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு வீட்டைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் படித்த சங்கதி நினைவுக்கு வந்தது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் தங்கிய வீடு அது. மதுரைக்கு வந்த ரயிலில், கதர் உடுத்துங்கள் என்று உடன் வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்றார்கள் அவர்கள். அப்போது அவர் உடம்பில் சட்டை இருந்தது, தொப்பி இருந்தது, முழு வேட்டி இருந்தது. அந்தப் பதில் அவரைத் தைத்தது. 22-ஆம் தேதி, இடுப்பில் முழங்கால் அளவுத் துணியோடு வெளியே வந்தார். முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் கெடு வைத்தார். கெடு தாண்டியும் அந்தத் துணி மாறவில்லை. 1931-ல் லண்டன் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னும் அதே கோலத்தில்தான் நின்றார்.

அவர் கூசவில்லை, அந்தத் துணி எதையும் மறைக்க உடுத்தியது அல்ல. நானோ என் தகப்பனாரை அல்லவா கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்!

கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வேர்வையில் நனைந்த சட்டையை வாங்கி மறுபடி துவைத்துக் கஞ்சி போட்டாள்.

அடுத்த அழைப்புக்கு அந்தச் சட்டையோடு மட்டுமே போனேன். அதே கேள்வி வந்தது. “விவசாயம் பார்க்கிறார்” என்றேன். குரல் நடுங்கவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்; ஆனால் அன்று பகல் பஸ்ஸிலேயே, வெளிச்சத்தோடு, ஊருக்குத் திரும்பினேன்.

ஆடை பாதி என்பது வாஸ்தவந்தான். யாருடைய ஆடை என்பதை மட்டும் அந்த மனிதர் சொல்லாமல் போய்விட்டார்.