எங்கிருந்து அளந்தாய்?

ஊத்துக்குளிக்கு வெண்ணெய் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பாதி உண்மை. மீதி, அக்காவின் போன். ‘இவன் பறக்கப் போறேங்கறான்டா. நீ வந்து நாலு வார்த்தை சொல்லு.’ துபாய்க்கோ தோஹாவுக்கோ என்று நினைத்தேன். பனியன் தொழிலில் இருக்கிறவர்கள் பறப்பது சகஜம். விசாரித்தால், பாராமோட்டாராம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதுகில் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின், கூண்டுக்குள் ஒரு விசிறி, தலைக்கு மேல் துணியால் ஆன இறக்கை. ஓடிக் கிளம்பி, கால் ஊன்றி இறங்க வேண்டும். 2016-ல் நம் விமானப்படைக்காரர்கள் மேற்கு வங்கத்துக் கலைகுண்டாவிலிருந்து இதில் கிளம்பி இந்தியாவையே சுற்றி வந்தார்கள். அந்தப் பயணத்துக்குப் பொருத்தமாக ‘பிரதட்சிணா’ என்று பெயர்.

அக்கா மகனுக்கு 26 வயது. இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். புனே பக்கம் காம்ஷெட்டில், மோட்டார் இல்லாத பாராகிளைடிங் பழகிவிட்டு வந்திருக்கிறான். அடுத்தது மோட்டார். ஊரில் இஷ்டத்துக்குப் பறக்க முடியாது. அரசாங்க விதிகள் இருக்கின்றன. நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கிறது. அதனால் இங்கே காட்டில் நின்று இறக்கையைக் காற்றில் தூக்கிப் பழகுவதோடு சரி. (காடு என்றால் புலி இருக்கும் காடு இல்லை. கொங்கு நாட்டில் மானாவாரி நிலம்.)

நான் அந்த நாலு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். ‘மாமா, நீங்க வந்தது நல்லதாப் போச்சுங்க. இதுல எதை வாங்கறதுன்னு சொல்லுங்க.’

கட்டிங் டேபிளின் மேல் இரவல் வாங்கிய கருவிகள். கைக்கடிகாரம் மாதிரி ஓர் உயரமானி. ஏறும்போது ஒரு மாதிரியும் இறங்கும்போது வேறு மாதிரியும் கத்தும் வேரியோமீட்டர். கையடக்க ஜிபிஎஸ். கூடவே அவனுடைய போன், அதில் உயரம் காட்டும் ஓர் இலவச ஆப்.

எனக்கு மூன்றாவது மாடி பால்கனியிலேயே தலை சுற்றும். இருந்தாலும் பத்திரிகையில் எழுதுகிற மாமாவாயிற்றே. ‘டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்’ என்றேன்.

முதல் டெஸ்ட் ரயில்வே ஸ்டேஷனில். மஞ்சள் போர்டை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஊர்ப் பெயரோடு, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்றும் எழுதியிருக்கும். ஓசியில் கிடைக்கும் அரசாங்க அளவு. அதன் கீழே நின்று போனைப் பார்த்தால், போர்டைவிட ஏறக்குறைய 90 மீட்டர் குறைவு!

போன் பொய் சொல்லவில்லை. கடல் மட்டம் எது என்பதில்தான் தகராறு. ஜிபிஎஸ், பூமியை வழவழப்பான, துருவங்களில் லேசாகச் சப்பையான ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு உயரத்தைக் கணக்கிடுகிறது. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் நிஜக் கடல் மட்டம் அந்த உருண்டையோடு ஒட்டாமல் மேடு பள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் நமக்குப் பக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே. 106 மீட்டர் தாழ்வு. பூமிக்குள் மேலெழும் சூடான, எடை குறைந்த பாறைதான் காரணம் என்று 2023-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் விளக்கம் கொடுத்தார்கள். நம் தமிழ்நாடு அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. நல்ல கருவிகள் இந்த வித்தியாசத்தைத் தாமே சேர்த்துக்கொள்கின்றன. சில ஆப்கள் சேர்ப்பதில்லை.

இரண்டாவது டெஸ்ட் இன்னும் சுலபம். காலை 10 மணிக்குக் கைக்கடிகார உயரமானியைச் சைபரில் வைத்து, டேபிளிலேயே விட்டுவிட்டோம். யாரும் தொடவில்லை. மாலை 4 மணிக்குப் போய்ப் பார்த்தால் அது 30 மீட்டர் ஏறியிருந்தது.

விஷயம் இதுதான். உயரமானி அளப்பது காற்றழுத்தத்தை. நம் பக்கம் அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால், சுமார் 9 மீட்டர் ஏறிவிட்டோம் என்று அது நினைத்துக்கொள்ளும். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தத்துக்கும் கடலைப் போல ஏற்ற இறக்கம் உண்டு. பகல் 10, இரவு 10 வாக்கில் உச்சம். மாலை 4, விடிகாலை 4 வாக்கில் தாழ்வு. காலைக்கும் மாலைக்கும் 3, 4 மில்லிபார் சர்வ சாதாரணமாக இறங்கும்.

டேபிளில் இருந்தால் வேடிக்கை. ஆகாயத்தில் இருந்தால்? பாராமோட்டார்காரர்கள் பெரும்பாலும் காற்று அடங்கிய காலையிலும் மாலையிலும்தான் பறக்கிறார்கள். காலையில் வைத்த சைபரை நம்பி மாலையில் இறங்கினால், கால் தரையில் படும்போது கருவி ‘இன்னும் 30 மீட்டர் இருக்கிறது’ என்று சொல்லும். தென்னை மரமும் கரண்ட் கம்பியும் அந்த 30 மீட்டருக்குள்தான் இருக்கின்றன.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்பாவோட எச்.பி.எஸ். கதைதானுங்க மாமா இது’ என்றான்.

டி-ஷர்ட்டின் நீளத்தைக் கழுத்தை ஒட்டிய தோள்பட்டை உச்சியிலிருந்து அளப்பது வழக்கம். அதுதான் எச்.பி.எஸ். பின்கழுத்து நடுவிலிருந்து டேப்பைப் பிடித்தால் இரண்டு சென்டிமீட்டர் போலக் குறைவாகக் காட்டும். சில வருஷம் முன்பு இவர்கள் யூனிட்டில் ஒரு லாட் முழுக்க அப்படி அளந்து ஓகே செய்துவிட்டார்கள். எல்லாப் பீஸும் நீளம் கூடுதல். சரக்குத் திரும்பி வந்தது. பணம் பில்லில் கழிந்தது. அக்கா வீட்டுக்காரர் காட்டை அடமானம் வைத்தது அந்த இரண்டு சென்டிமீட்டருக்காகத்தான்.

‘டேப்பு சரியாத்தானுங்க இருந்துச்சு. எங்கிருந்து புடிச்சோம்கறதுதான் தப்பு’ என்றான்.

நான் சொல்ல நினைத்த நாலு வார்த்தையை அவனே சொல்லிவிட்டான்.

உங்களுக்கும் பறக்கும் உத்தேசம் இருந்தால், நாங்கள் முடிவு செய்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் வாங்க வேண்டியது, காற்றழுத்தத்தில் வேலை செய்யும் எளிய உயரமானி. எண் பெரிதாகத் தெரிய வேண்டும். கையுறையோடு பட்டனை அழுத்த முடிய வேண்டும். ஒவ்வொரு முறையும் கிளம்பும் இடத்தில், கிளம்பும் நேரத்தில், உங்கள் கையால் சைபர் வையுங்கள். கதித்தமலை அடிவாரத்தில் அப்படி வைத்துவிட்டு ஏறி, முருகனைக் கும்பிட்டு, ஒரு மணி நேரத்தில் இறங்கினோம். பிசகு 2 மீட்டர்தான். ஆனால் இறங்கும் இடம் கிளம்பிய இடத்தைவிட மேடாக இருந்தால் அந்தச் சைபருக்கும் அர்த்தம் மாறிவிடும்.

அடுத்தது ஜிபிஎஸ். உயரத்துக்காக இல்லை, தரை வேகத்துக்காக. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்பதை பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைக் கேளுங்கள். பாராமோட்டார் காற்றில் போவது மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில். எதிர்க்காற்று 30 என்றால் வீட்டை நோக்கி மிஞ்சுவது 10. எஞ்சின் அதே சத்தத்தில் உறுமிக்கொண்டிருப்பதால் உடம்புக்கு இது தெரியாது. திரையில் எண் குறையும்போது, பெட்ரோல் இருக்கும்போதே திரும்பிவிடலாம். டேங்க் முதுகுப் பக்கம் இருப்பதால் அதைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி போதும்.

போன், மேப்புக்கு உதவும். கயிறு போட்டுக் கட்டுங்கள். நழுவினால் அது தரைக்குப் போவதற்கு முன்னால் முதுகில் சுற்றும் விசிறிக்குள் போகலாம். வேரியோமீட்டர், மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் காற்றில் ஏறப் பழகும்போது வாங்கிக்கொள்ளலாம். எஞ்சின் சத்தத்தில் அது கத்துவது காதில் விழுவதே கஷ்டம். மிச்சமாகும் பணத்தில் ரிசர்வ் பாராசூட்.

காற்றின் திசை பார்க்கும் கருவிக்கு அவன் செலவே செய்யவில்லை. கட்டிங் வேஸ்ட்டில் ஒரு நீளத் துண்டை எடுத்து மூங்கில் கம்பில் கட்டி, காட்டில் நட்டிருக்கிறான். ஆரஞ்சு நிறம். ஏற்றுமதித் தரம்!

இரவு அக்கா ராகிக் களி போட்டாள். கூடவே ஊத்துக்குளி வெண்ணெய். எங்கள் ஆராய்ச்சியையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். போர்டு, பள்ளம், மில்லிபார், எல்லாம்.

‘அந்த மிசினு என்னமோ சொல்லீட்டுப் போகட்டும் சாமி’ என்றாள் மகனிடம். ‘எறங்கறப்ப மட்டும் அதைப் பாக்காத. தரையைப் பாத்து எறங்கு.’

காம்ஷெட்டில் அவனுடைய பயிற்சியாளர் கடைசி 30 மீட்டரைப் பற்றிச் சொன்னதும் இதேதானாம். அவர் அதற்கு ஃபீஸ் வாங்கினார்.