பூஜ்ஜியத்தில் முடிந்த அளவுகள்

மதிப்பிற்குரிய மேடம்,

தனிக் கடிதமாக எழுதினால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

2014-ல் நான் எம்.பி.பி.எஸ். மாணவன். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் ஆய்வு உதவித்தொகைக்கு (விடுதியில் எல்லோருக்கும் அது 'எஸ்.டி.எஸ்.'தான்) வழிகாட்டி தேடி உங்கள் அறை வாசலில் வந்து நின்றேன். இரண்டு மாத ஆய்வு, மாதம் 5,000 வீதம் 10,000 ரூபாய். அதுவும் அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கைக்கு வரும். உங்கள் கைக்கு ஒரு ரூபாய் வந்ததாகவும் நான் பார்க்கவில்லை. ஒரு வழிகாட்டிக்கு ஒரே மாணவர் என்பது விதி. வகுப்பின் முதல் மாணவியும் உங்களைக் கேட்டிருந்தாள். மருந்தியலில் தட்டுத் தடுமாறித் தேறிய என்னை எதற்காக எடுத்துக்கொண்டீர்கள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தலைப்பு எளிமையானது. சின்னாளபட்டி நெசவாளர்களுக்குத் தறியில் உட்காரும் நேரத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா? நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதிய ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டு, "இதை உங்க பாட்டிகிட்ட வாசிச்சுக் காட்டு, புரிஞ்சா கொண்டா" என்றீர்கள். பாட்டிக்குப் புரியவில்லை. மூன்று முறை மாற்றி எழுதினேன்.

முதல் இரண்டு வாரத்து அளவுகளைக் கொண்டுவந்து பெருமையாக மேசைமேல் வைத்த நாளுக்குத்தான் இந்த நன்றி. தாளை நீங்கள் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. கடைசி இலக்கங்களின் மீது மட்டும் பேனாவை ஓட்டினீர்கள். 120, 130, 110, 140, 130. "பாதரச மிஷின்ல எத்தனைக்கு ஒரு கோடு?" இரண்டுக்கு ஒரு கோடு, மேடம். "அப்ப 0, 2, 4, 6, 8 எல்லாம் வரணும். அஞ்சுல ஒண்ணுதான் பூஜ்ஜியத்துல முடியணும். உன் தாள்ல பாதிக்கு மேல பூஜ்ஜியம். நீ அளந்தியா, வசதிக்கு எழுதினியா?"

பொய் எழுதவில்லை. காற்றை விறுவிறுவென்று இறக்கிவிட்டு, சத்தம் கேட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கோட்டை எழுதியிருந்தேன். வார்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். 138-ஐ 140 என்று எழுதினால் நல்ல ஆள் நோயாளியாகிவிடுவார், 134-ஐ 130 என்று எழுதினால் எல்லைக்கு அருகில் இருப்பவர் கண்ணில் படமாட்டார் என்றெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். திட்டுவீர்கள் என்று நின்றிருந்தேன். நொடிக்கு ஒரு கோடு வீதம் பாதரசத்தை இறக்கும் பழக்கம் கைக்கு வரும்வரை, அன்று மாலை உங்கள் கையையே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

திரும்பவும் அதே தெருவுக்குப் போனேன். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும் என்பது புத்தகத்தில் ஒரே வரி. குழித்தறியில் இருப்பவருக்கு அது காலை மேலே எடுத்து, பாவை விட்டு எழுந்து வந்து உட்காருவது. அந்த ஐந்து நிமிடத்துக்கும் கூலி கிடையாது. முதல் தடவை அதையும் நான் அவசரப்படுத்தியிருந்தேன். "போன வாரம்தானே தம்பி பார்த்த, மிஷின் ரிப்பேரா?" என்று ஒரு பாட்டி கேட்டார். "மிஷின் நல்லாத்தான் இருக்கு பாட்டி, நான்தான் சரியா பார்க்கல" என்றேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

முடிவில் தறி நேரத்துக்கும் அழுத்தத்துக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கணக்கை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தால் ஏதாவது தேறுமா என்று கேட்டேன். "தெரியலன்னா தெரியலன்னு எழுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள். பணம் பல மாதம் கழித்து வந்தது, பாதி மெஸ் பாக்கிக்குப் போனது. இப்போது அந்த உதவித்தொகையை 50,000 ஆக்கிவிட்டார்கள். மாணவர்களுக்கு நல்லதுதான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் கையை நீட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

சான்றிதழ் எங்கே போனதென்று தெரியவில்லை. நீங்கள் கோடு இழுத்த அந்த முதல் தாள் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றும். அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்களே, உங்கள் முதல் தாளும் இப்படித்தான் இருந்ததா, மேடம்?

உங்கள் மாணவன்