பழைய சொற்களைத் திருத்துவது

பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளைத் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று எல்லோரும் அறிவோம். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அவரிடம் வியப்பாயிருப்பது வேறொன்று. அவர் தாம் எழுதி, அச்சாகி, பேர் வாங்கிய புத்தகங்களையே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, மறுபதிப்புகளில் வடசொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களைப் பெய்தார். பிறர் எழுத்தைத் திருத்த எவனும் முன்வருவான். தன் வாக்கியத்தில், தானே ஆசையோடு வைத்த சொல்லைப் பிடுங்க மனம் வருமா?

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சுமார் பதின்மூன்று ஆண்டுகள் தமிழாசிரியராயிருந்துவிட்டு, 1911-இல் அவர் பல்லாவரத்துக்கு வந்தார். (அந்தக் கல்லூரியும் 1937-இல் பக்கத்துத் தாம்பரத்துக்கே வந்து சேர்ந்தது வேடிக்கைதான்!) 1916-இல் மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தபோது, அதிலுள்ள ‘தேகம்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘யாக்கை’ என்றிருந்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்று தோன்றியதாம். அதிலிருந்து பிறந்தது இயக்கம். வேதாசலம் மறைமலையானார், ‘ஞானசாகரம்’ என்ற அவருடைய பத்திரிகை ‘அறிவுக்கடல்’ ஆயிற்று.

சமஸ்கிருதம் தெரியாத கோபம் அல்ல இது. காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர் அவர். தம் நாட்குறிப்பையோ ஆங்கிலத்தில் எழுதினார்!

‘தேகம்’, ‘யாக்கை’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஓசை அளவு ஒன்றுதான். ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தால் செய்யுள் முகம் சுளிக்காது. உரைநடையில் இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு சொல்லை மாற்றினால் பக்கத்துச் சொல் முறைக்கிறது. அதை மாற்றினால் வாக்கியத்தையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. நாவலில் இன்னும் கஷ்டம். ‘பிராணன் போறதுடி’ என்கிற பாட்டியை ‘உயிர் போகிறதடி’ என்று சொல்ல வைத்தால், வந்து நிற்பவள் வேறு ஒரு பாட்டி. அடிகளும் நாவல் எழுதினார். 1921-இல் வந்த ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ கடிதங்களாலேயே அமைந்தது. கடிதம் எழுதுகிறவள் நிதானித்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம்; அடுப்பங்கரையில் பேசுகிறவளுக்கு அந்த அவகாசம் ஏது?

ஆனாலும் அவர் தோற்றார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார். அபேட்சகர் வேட்பாளரானார். பிரசங்கம் சொற்பொழிவாயிற்று. கல்யாணப் பத்திரிகையில் விவாகசுபமுகூர்த்தம் இருந்த இடத்தில் திருமணம் வந்து உட்கார்ந்தது. பலர் சேர்ந்து செய்த வேலைதான். என்றாலும் முதலில் துணிந்தவர்களில் அவர் ஒருவர். இன்று இந்தச் சொற்களைப் பேசுகிற யாருக்கும் தாம் தனித்தமிழ் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லை. இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்? மேடையும் பத்திரிகையும் அவர் வசமாயின. வீட்டுப் பேச்சுத்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது யோசிக்கக் காரணம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் வந்த என் நாவல் ஒன்றை மறுபதிப்புப் போடப்போகிறார்கள். பதிப்பாளர், ‘இளைஞர்களுக்குப் புரியாத பழைய சொற்களை மாற்றிக் கொடுங்கள்’ என்று பென்சிலால் கோடிட்டு அனுப்பியிருக்கிறார். நூற்றுக்கு மேல் இருக்கும். அத்தனையும் நான் கேட்டு வளர்ந்த சொற்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை.

ஒருவாரமாக உட்கார்ந்திருக்கிறேன். கதை சொல்லும் இடங்களில் ‘பிரயாணம்’ பயணமாகிவிட்டது. ‘விருக்ஷம்’ மரமானதில் எனக்கே சந்தோஷம். பாட்டியின் பிராணனில் கை வைக்கவில்லை. முதல் வரியில் இருக்கும் ‘சாயங்காலம்’தான் நகரமாட்டேன் என்கிறது. ‘மாலை’ என்று எழுதிப் பார்த்தேன், அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் மாலையில் கோவிலுக்குப் போகலாம், தலைவிக்காகக் காத்திருக்கலாம். என் கதையில் அந்த வேளையில் காப்பி கொதிக்கிறது, பள்ளிக்கூடம் விட்ட பையன் புத்தகப் பையை மூலையில் எறிகிறான். மூன்று தரம் அடித்து, மூன்று தரமும் திரும்ப எழுதியிருக்கிறேன். பதிப்பாளர் வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.