ஒன்றில் தொடங்கும் பார்வை

துரோணர் தம் மாணாக்கருக்கு வைத்த தேர்வைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். மரக்கிளையில் ஒரு பொம்மைப் பறவை வைக்கப்பட்டிருந்தது. அம்பு எய்யுமுன் என்ன தெரிகிறது என்று ஆசான் வினவினார். மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, அருகில் நிற்போர் தெரிகின்றனர் என்றவர்கள் வில்லைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. பறவை மட்டுமே தெரிகிறது என்ற அருச்சுனன் வென்றான். ஒருமுனைப்பட்ட மனத்திற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை என்று வகுப்பறைகளில் எடுத்துரைக்கப்படுகிறது.

இராமாயணத்தில் வேறொரு வில்லாளியின் கதை உண்டு. தயரதன் ஓசையைக் கேட்டே அம்பு எய்ய வல்லவன். இருளில், நீர்த்துறையில், யானை நீர் பருகும் ஒலி என்று எண்ணி அம்பைச் செலுத்தினான். பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் நீர் முகந்துகொண்டிருந்த இளைஞன் வீழ்ந்தான். தயரதனின் குறி தப்பவில்லை. எதனைக் குறிவைத்தான் என்பதை அறிவதிலேதான் அவன் தவறினான். கையின் திறன் நிறைவாக இருந்தும் கண்ணின் அறிவு குறைந்ததால் ஓர் உயிர் போயிற்று.

அருச்சுனனின் ஒருமுனைப்பார்வை, தயரதனின் காணாத குறி ஆகிய இரண்டிற்கும் இடையே, இன்றைய வேட்டைக்காரர் தம் துப்பாக்கியின்மேல் ஒரு சிறு கருவியைப் பொருத்துகிறார். ஸ்கோப் என்று வழங்கும் அக்கருவியைக் குறிநோக்கி எனலாம். அவற்றுள் ஒரு வகை, உருப்பெருக்கம் ஒன்றில் தொடங்கி நான்கு, ஆறு, எட்டு, சிலவற்றில் பத்து மடங்கு வரை உயர்வது. ஒன்று என்றால் வெறுங்கண்ணால் காண்பதுபோலவே காண்பது. ஆறு என்றால் நூறு மீட்டர் தொலைவில் உள்ளது ஏறத்தாழ பதினேழு மீட்டர் தொலைவில் நிற்பதுபோல் தோன்றுவது. குழலைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பினால் உருப்பெருக்கம் மாறும். பெரிய எண் உடையதே உயர்ந்தது என்று வாங்குவோர் எளிதில் மயங்குவர். இக்கருவியின் சிறப்போ பெரிய எண்ணைவிட, அது தொடங்கும் ஒன்று என்னும் சிறிய எண்ணிலேயே மிகுதியாக இருக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள ஜெர்மனியின் காடுகளுக்குச் செல்லவேண்டும். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அங்கே காட்டுப்பன்றிகளைக் கலைத்து வேட்டையாடும் வழக்கம் உண்டு. வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் தமக்கென வகுத்த இடத்தில், பெரும்பாலும் தாழ்வான மரப்பரண்களில் நிற்பர். ஆட்கள் சிலர் நாய்களுடன் புதர்களுக்குள் நடந்து விலங்குகளைக் கிளப்புவர். தொலைவிலிருந்தே புலப்படும்படி அவர்கள் செம்மஞ்சள் நிற உடை அணிவர். புதரிலிருந்து வெளிப்படும் பன்றி மரங்களுக்கிடையே ஒரு சிறு வெளியைக் கடந்து மீண்டும் மறைந்துவிடும். எண்ணிப் பார்த்து வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

காட்டுப்பன்றி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. அஃதாவது நொடிக்குப் பதினொரு மீட்டர். நூறு மீட்டர் தொலைவில் நல்லதொரு குறிநோக்கி ஒரு மடங்கில் ஏறத்தாழ 40 மீட்டர் அகலத்தைக் காட்டும். ஆறு மடங்கிற்கு உயர்த்தினால் அவ்வகலம் ஏழு மீட்டருக்கும் குறைந்துவிடும். பன்றி ஐம்பது மீட்டர் தொலைவில் ஓடுகிறது எனக் கொள்வோம். அங்கே ஆறு மடங்கில் தெரியும் வெளி மூன்று மீட்டரைச் சற்றே மிஞ்சும்; குழல் அசையாது நின்றால் பன்றி அதனை நொடியின் மூன்றிலொரு பங்கில் கடந்துவிடும். ஒரு மடங்கில் தெரியும் வெளியோ 20 மீட்டர். அதனைக் கடக்கப் பன்றிக்கு ஏறத்தாழ இரண்டு நொடி ஆகும். பெரிதாகக் காண விரும்பியவர் மயிரும் நிழலும் கலந்த ஒரு கலங்கலைக் காண்பார். சிறிதாகக் காண உடன்பட்டவர் பன்றியையே காண்பார்.

அவர் பன்றியை மட்டுமே காண்பதில்லை என்பது அதனினும் முதன்மையானது. ஒரு மடங்கில் இரு கண்களையும் திறந்து வைத்தே நோக்கலாம். வலக்கண் குழல்வழி காண்பதும் இடக்கண் வெளியே காண்பதும் ஒரே அளவினவாதலால் மூளை இரண்டையும் ஒன்றாக இணைத்துக்கொள்கிறது. பன்றியின் பின்னே வரும் நாய், அதற்கப்பால் அசையும் செம்மஞ்சள் உடை, குண்டு விலங்கைக் கடந்து சென்றால் புதையத்தக்க மண் உண்டா என்னும் நிலம் ஆகிய யாவும் ஒரே பார்வையில் அடங்கும். துரோணரின் தேர்வில் மரமும் கிளையும் உடன் நிற்போரும் தெரிகின்றனர் என்ற மாணாக்கர் தோற்றனர். இக்காட்டிலோ அவ்விடையே தேர்ச்சிக்குரியது. உடன் நிற்போர் கண்ணுக்குப் புலப்படாத கணத்தில் துப்பாக்கியின் விசையைத் தொடுதல் ஆகாது.

அங்ஙனமாயின் உருப்பெருக்கம் எதற்கு என்று வினவலாம். குட்டிகளை வளர்க்கும் தாய்ப்பன்றியே அதற்கு விடை. சார்ந்து வாழும் குட்டிகளையுடைய தாயை வளர்ப்புக்காலத்தில் சுடுவதை ஜெர்மானிய வேட்டைச் சட்டம் தடுக்கிறது. குட்டிகள் சற்றுப் பின்தங்கி, புல்லில் மறைந்து வரக்கூடும். எண்பது, நூறு மீட்டர் தொலைவில் மெதுவாக நடக்கும் ஒரு பன்றி தனித்து வருகிறதா, அதன் கால்களுக்கிடையே சிற்றுருவங்கள் அசைகின்றனவா என்பதைக் கண்டறிய நான்கு மடங்கோ ஆறு மடங்கோ கைகொடுக்கும். உருப்பெருக்கம் சுடுவதற்குத் துணை என்பதைவிடச் சுடாதிருப்பதற்குத் துணை என்பதே பொருந்தும். தயரதனுக்கு இல்லாது போன அறிவை அது தருகிறது.

எனினும் ஒவ்வொரு மடங்கிற்கும் ஒரு விலை உண்டு. முதல் விலை ஒளி. குறிநோக்கியின் முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை நோக்கி வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். இவ்வகைக் கருவிகள் பலவற்றில் முன்வில்லை 24 மில்லிமீட்டர். அதனை நான்கு மடங்கில் வைத்தால் கற்றை 6 மில்லிமீட்டர். ஆறு மடங்கில் 4. எட்டு மடங்கில் 3. பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டரே விரிவதால் குறையொன்றும் தோன்றாது. அந்தியில் இளைஞரின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரையும் முதியோரின் கண்மணி அதனினும் குறைவாகவும் விரியும். அந்நேரத்தில் எட்டு மடங்கிற்குத் திருப்பியவர் பெரிய உருவத்தைக் காண்பார், ஆனால் இருண்டதாகக் காண்பார். அந்தி மயங்கும்வரை பரணில் காத்திருக்கும் வேட்டைக்காக ஐரோப்பியர் எட்டு மடங்கும் 56 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்ட பெரிய குறிநோக்கியை நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இக்காரணத்தாலேயே. அவ்வேலையைச் சிறிய குழலிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

இரண்டாவது விலை இடக்கட்டுப்பாடு. ஒரு மடங்கில் தலை சற்று விலகினாலும் காட்சி நிறைந்து நிற்கும். எட்டு மடங்கில் கண் சிறிது பிசகினால் விளிம்பில் கரும்பிறை தோன்றும். கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாய்த் தெரியும். மூன்றாவது விலை எடை. ஒன்றிலிருந்து ஆறு வரை செல்லும் கருவி பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியிருக்கும். அதனைத் தாங்கும் பிடிகளும் சேர்ந்தால் மேலும் கூடும். எடை முழுவதும் துப்பாக்கியின் மேற்பகுதியில் ஏறுவதால் தோளில் தூக்கி நடப்பவர் மாலைக்குள் அதை உணர்வார். என்றும் நாற்பது மீட்டருக்குள்ளேயே சுடுபவருக்கு உருப்பெருக்கமே இல்லாத சிவப்புப்புள்ளிக் கருவி இலேசானது, எளியது, போதுமானது.

அடுத்து நோக்கவேண்டியது குறிக்கோடுகள். கோடுகள் பொறித்த கண்ணாடி குழலின் முதற் குவியத்தளத்தில் இருந்தால், உருவம் பெருகும்போது கோடுகளும் பெருகும். அதனால் தொலைவுக்கேற்பக் குறியை உயர்த்தும் அளவுகள் எம்மடங்கிலும் மெய்யாகவே நிற்கும். ஆனால் ஒரு மடங்கில் கோடுகள் நூலிழைபோல் மெலிந்து புதரின் நிழலில் கரைந்துவிடக்கூடும். கண்ணாடி இரண்டாம் குவியத்தளத்தில் இருந்தால் கோடுகள் என்றும் ஒரே தடிப்பில் தெரியும். அளவுகளோ குறிப்பிட்ட ஒரு மடங்கில் மட்டுமே, பெரும்பாலும் உச்ச மடங்கில் மட்டுமே, மெய்யாகும். தொலைவை அளந்து சுடுபவருக்கு முதலாவது ஏற்றது. அண்மையில் விரைந்து சுடும் வேட்டைக்காரருக்கு இரண்டாவது தீங்கு செய்யாது. பகலொளியிலும் தெளிவாக ஒளிரும் ஒரு செம்புள்ளி நடுவில் இருப்பதே அவருக்கு வேண்டுவது.

வேட்டைக்காட்டில் வளர்ந்த இக்கருவியைப் படைகளும் பின்னர் ஏற்றன. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 2020-இல் ஒன்றிலிருந்து எட்டு மடங்கு வரை செல்லும் டிரைஜிகான் கருவியைத் தெரிந்தெடுத்தது. அமெரிக்கத் தரைப்படை 2022-இல் தன் புதிய துப்பாக்கிக்கென வோர்டெக்ஸ் நிறுவனத்தின் கருவியைத் தெரிந்தெடுத்தபோது அதுவும் ஒன்றிலிருந்து எட்டு மடங்கு வரையே சென்றது. சிறிய உருப்பெருக்கத்தின் பயனோ அதற்கு முன்பே மலேசிய, சிங்கப்பூர் வீரர்களுக்குப் பழக்கமானது. ஆஸ்திரியப் படை 1977-இல் ஏற்ற ஸ்டையர் துப்பாக்கியின் கைப்பிடிக்குள் ஒன்றரை மடங்கு குறிநோக்கி அடங்கியிருந்தது. மலேசியப் படையும் அத்துப்பாக்கியை ஏந்தியது. சிங்கப்பூரில் 1999-இல் அறிமுகமான சார் 21 துப்பாக்கியிலும் ஒன்றரை மடங்கே அமைந்தது. தேசிய சேவைக்குச் செல்லும் பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர் ஆயிரக்கணக்கானோர் அதன்வழி நோக்கியே குறிபார்க்கக் கற்றனர். மூன்றோ நான்கோ தராமல் ஒன்றரையை மட்டும் தந்த வடிவமைப்பாளர், நெருக்கமான களத்தில் வீரனின் கண் சுற்றுப்புறத்தை இழந்துவிடலாகாது என்பதை மதித்தனர்.

இத்தனையும் அறிந்தபின் கருவியை எவ்வாறு தெரிவது? திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. வாங்குவோர்க்கு அவ்வரிசையே போதும். துப்பாக்கியின் வலி யாது? உதைப்பு மிகுந்ததாயின் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே ஒன்பது சென்டிமீட்டரேனும் இடைவெளி தரும் கருவி வேண்டும். இல்லையேல் புருவம் கிழியும். பயன்படும் காலம் யாது? நண்பகலாயின் ஆறு மடங்கிற்கும் 24 மில்லிமீட்டர் போதும். அந்தியாயின் பெரிய வில்லை வேண்டும். இடம் யாது? புதரடர்ந்த காடாயின் நான்கு மடங்கே மிகுதி; இடையிடையே திறந்த வெளி உண்டாயின் ஆறு; பரந்த மேட்டுநிலமாயின் எட்டு.

கடையில் ஆராயும்போதும் சில உண்டு. ஒன்று என்று பொறித்திருப்பது மெய்யாகவே ஒன்றுதானா என்று காணவேண்டும். இரு கண்களையும் திறந்து நேர்க்கோடான ஒரு கதவின் விளிம்பை நோக்கினால், உள்ளே தெரியும் கதவும் வெளியே தெரியும் கதவும் ஒரே அளவாய்ப் பொருந்தவேண்டும். குண்டில்லாத் துப்பாக்கியைக் கண்மூடித் தோளில் ஏற்றிப் பின் கண் திறந்தால் முழுவட்டம் தெரியவேண்டும். வளையம் குளிரில் விறைத்த விரலுக்கும் இணங்கவேண்டும். வாங்கியபின் சுடுதளத்தில் ஒரு மடங்கிலும் உச்ச மடங்கிலும் சுட்டு, குண்டு படும் இடம் மாறாதிருக்கிறதா என்று உறுதி செய்யவேண்டும். எண்கள் குறைவாயினும் வில்லை தெளிவான கருவி, எண்கள் மிகுந்து கண்ணாடி மங்கிய கருவியைவிட மேலானது.

எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்று எஞ்சுகிறது. குறிநோக்கி எத்தனை தெளிவாகக் காட்டினும் அது தேடிப்பார்ப்பதற்குரிய கருவி ஆகாது. அதன்வழி எதனை நோக்கினாலும் துப்பாக்கியின் வாய் அதனையே நோக்கி நிற்கிறது. அப்பால் அசைவது யார் என்று அறியும் ஆவலில் குழலை உயர்த்துபவர், அறிவதற்கு முன்பே ஒரு மனிதனைக் குறிவைத்துவிடுகிறார். ஆதலால் தேர்ந்த வேட்டைக்காரரின் கழுத்தில் இருகண் தொலைநோக்கி தனியே தொங்கும். முதலில் அதனால் கண்டறிவர்; ஐயம் அகன்ற பின்னரே துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்துவர். உயர்த்தும்வரை வளையத்தை ஒன்றிலேயே வைத்திருப்பர். தொலைவில் நிற்கும் விலங்கு உருப்பெருக்கத்தைக் கூட்ட நேரம் தரும். காலடியில் வெடித்துக் கிளம்பும் விலங்கும் அதன் பின்னே ஓடிவரும் மனிதனும் அந்த நேரத்தைத் தருவதில்லை.