கொதித்தாலும் போகாதது

தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டால் தண்ணீரில் எந்தக் கெடுதலும் நிற்காது என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. கிருமிகளுக்கு அது சரி. நைட்ரேட் உப்புக்கு அது பலிக்காது. தண்ணீர் சுண்டச் சுண்ட, அது தங்கி இன்னும் அதிகமாகும்!

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, டாக்டர் சொன்னபடி பேத்திக்குப் பால் பவுடர் கரைக்க வேண்டியிருந்தது. எங்கள் கிணறு வயலை ஒட்டியது. ரசாயன ஆராய்ச்சி செய்யும் என் அண்ணன் பிள்ளை, "அத்தை, முதலில் தண்ணீரைச் சோதிக்கலாம்" என்றான். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு; எங்கள் தண்ணீரில் 80! நிறத்திலோ ருசியிலோ ஒரு வித்தியாசமும் இல்லை.

வயலுக்குப் போடும் உரம், சாணக்குழி, கழிவறைத் தொட்டி இவற்றிலிருந்து நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்குகிறது. பச்சைக் குழந்தையின் உடம்பில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவில் டாக்டர் ஹண்டர் காம்லி, கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பாலைக் குடித்த சிசுக்களுக்கு இப்படி ஆனதை 1945-ல் எழுதினார்.

ஆர்.ஓ. கருவி நைட்ரேட்டைக் குறைக்கும். ஆனால் அது வெளியேற்றும் கழிவுநீரோடு நைட்ரேட் மறுபடி மண்ணுக்கே போகிறது. "இந்தச் சனியனை ஒழிக்க வழியே இல்லையாடா?" என்று கேட்டேன்.

"ஒழிப்பானேன் அத்தை? அம்மோனியாவாக்கி உரத்துக்கே எடுத்துக்கலாம்" என்றான்.

நைட்ரேட் கலந்த நீரில் இரண்டு மின்முனைகளை வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். எதிர்மின்முனையில் நைட்ரேட்டின் பிராணவாயு கழன்று, ஹைட்ரஜன் சேர்ந்து அம்மோனியா ஆகிறது. அந்த முனையில் செம்பு போன்ற வினையூக்கி வேண்டும். வினையூக்கி கல்யாணத் தரகர் மாதிரி. சேர்த்து வைக்கும், தான் சேராது. அது சரியாக அமையாவிட்டால் காரியம் பாதியில் நின்று நைட்ரைட்டாகிவிடும். அல்லது மின்சாரம் வெறும் ஹைட்ரஜனை உண்டாக்குவதில் வீணாகும். அதனால்தான் நல்ல வினையூக்கிக்கு இத்தனை தேடல். 2021-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார், தனித்தனி இரும்பு அணுக்களைப் பதித்த வினையூக்கியால் இதைச் செய்து காட்டினார்கள். 1913 முதல் தொழிற்சாலைகளில் நடக்கும் ஹேபர்–போஷ் முறைக்கோ 400 டிகிரிக்கு மேல் சூடும் பெரும் அழுத்தமும் வேண்டும்.

வீட்டில் பாட்டரியை வைத்து இதைச் செய்து பார்க்கக் கூடாது. அம்மோனியா கலந்த தண்ணீரும் குடிக்க ஆகாது. இது ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஊர்க் கிணற்றுக்கு வரும்வரை நாம் செய்ய வேண்டியது இதுதான்: ஆறு மாதம்வரை தாய்ப்பாலே உத்தமம். பவுடர் பால் அவசியமானால், கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ நைட்ரேட்டுக்குச் சோதிக்காமல் கரைக்காதீர்கள். சோதித்துத் தேறிய தண்ணீரைக் கொதிக்க வைத்தே கரையுங்கள். குழந்தையின் உதடு நீலமானால், கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.