கடைசி வேளைக்கு வந்தவர்

2018-ஆம் ஆண்டு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எம் பங்கைச் சேர்ந்த நாற்பது வயதுக் கைம்பெண் ஒருவர் அரசுச் செலவில் நடக்கும் மூன்று மாதத் தையற்பயிற்சியில் சேரலாமா என்று கேட்டார். "முப்பத்தைந்தோடு சரி, அம்மா" என்று அனுப்பிவிட்டோம்.

பிறகே விதிகளைப் படித்தோம். 2014-இல் நடுவண் அரசு தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் வறிய குடும்பத்து இளைஞருக்கு 35 வயதை எல்லையாக வைத்தது, பெண்களுக்கோ 45. வீட்டில் ஒருவர் முந்திய நிதியாண்டில் நூறுநாள் வேலையில் 15 நாள் உழைத்திருந்தாலே அப்போது வறுமைக்கு அது சான்றாக இருந்தது.

வெட்கத்தோடு அவர் இல்லம் சென்றோம். பயிற்சி தொடங்கிவிட்டிருந்தது, அடுத்ததற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம்.

மாலையில் வந்தவரையும் ஏற்ற திராட்சைத் தோட்டத்து உரிமையாளரைப் பற்றிப் பலமுறை கேட்ட நாம், படிக்காத விதியைக் காட்டி ஏழையின் கதவை அடைக்கலாமா?