ஐஸுக்கும் வரப்பு கட்டணும்!

எங்கள் ஊருக்கு ஐஸ் மூன்று வழியாகத்தான் வரும். விடியற்காலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மீன்காரர்களுக்கு வருகிற பார் ஐஸ் ஒன்று. மத்தியானம் மணியடித்துக்கொண்டு வருகிற குச்சி ஐஸ் இன்னொன்று. மூன்றாவது வந்தால் தெருவே கப்சிப். கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டி அது. யார் வீட்டு வாசலில் இறங்குகிறதோ, அந்த வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்!

அதனால், "ஐஸ்ல ஹாக்கி ஆடி நம்ம நாட்டுப் பொண்ணுங்க மெடல் வாங்கியிருக்காங்க மாமா" என்று நான் சொன்னபோது, என் அக்கா வீட்டுக்காரர், "எந்த ஐஸ்ல?" என்று கேட்டதில் தப்பே இல்லை.

மரக்காணத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் உப்பளத்துப் பக்கம் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்காமல் போவதில்லை. "மம்மி, ஸ்னோ மாதிரியே இருக்கு!" என்று ஒரு குழந்தை குதித்தது. "நக்கிப் பாரு தம்பி, தெரியும்" என்றார் மாமா. (அது பெண் குழந்தை. மாமாவுக்கு எல்லாமே தம்பிதான்.)

நான் இங்கே ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். அக்காவும் மாமாவும் அளத்தில் இறங்கி வேலை செய்கிறவர்கள். அவர்கள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். 'ஆடுகிறாள்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பிடித்தாளானால் உடும்புப் பிடி. அவள் டீம் மாவட்ட ஃபைனல்ஸ் வரை வந்துவிட்டது. விழுப்புரத்தில் மூன்று நாள் தங்கவேண்டும். மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "முடியாது."

அவரைக் கொடுமைக்காரர் என்று நினைக்காதீர்கள். பொண்ணைத் தனியாக அனுப்ப மனசில்லை. துணைக்கு அக்கா போனால் மூன்று நாள் கூலி போச்சு. இங்கே அக்டோபர் வந்து மழை பிடித்தால் டிசம்பர் வரை அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கென்று 2022 முதல் அரசாங்கம் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, வாஸ்தவம்தான். ஆனாலும் வெயில் காலத்தில் சம்பாதிப்பதுதான் வருஷத்துக்கே சோறு. ஒரு நாள் கூலியும் அவருக்கு லேசு இல்லை.

ராத்திரி சாப்பாட்டு நேரம். அக்கா பொண்ணு தட்டைத் தொடாமல் மூலையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேராக ஆரம்பித்தால் மாமா எழுந்து போய்விடுவார். அதனால்தான் லடாக்கில் ஆரம்பித்தேன்.

"லே-ன்னு ஒரு ஊர் மாமா. பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம். குளிர்காலத்துல மைனஸ் இருபது டிகிரிக்குப் போயிடும்."

"நமக்கு இருபத்தஞ்சு டிகிரிக்கு வந்தாத்தான் உப்பு இறங்கும்" என்றார் மாமா. அவர் சொல்வது வேறு டிகிரி. பாத்தித் தண்ணீரின் கனத்தை அளக்கிற டிகிரி. பேச்சு ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அங்க டிசம்பர் கடைசியிலேருந்து பிப்ரவரி வரைக்கும்தான் ஐஸ். இவங்களே தரையைச் சமப்படுத்தி, சுத்தி வரப்பு கட்டி, ராத்திரியில தண்ணி பாய்ச்சுவாங்க. ஒரேயடியா நிரப்பிட்டா மேலே பொருக்கு கட்டிக்கும், அடியில தண்ணி நிக்கும். அதனால கொஞ்சமா விட்டு, அது இறுகின பிறகு அதுக்கு மேல கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம். அறுபது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். நம்ம கணக்குல நாப்பத்துநாலு சென்ட்."

மாமா கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது.

"இது நம்ம தொழிலாச்சே!"

அதேதான். இங்கே சீசன் ஆரம்பத்தில் சேற்றை மிதித்து மிதித்துத் தரையைச் சிமென்ட் மாதிரி ஆக்குகிறோம். வரப்பு கட்டி, தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குத் தள்ளி, வெயிலுக்காகக் காத்திருக்கிறோம். அவர்கள் வரப்பு கட்டித் தண்ணீர் விட்டுக் குளிருக்காகக் காத்திருக்கிறார்கள். எங்களுக்கு எமன் மழை. அவர்களுக்கு எமன் வெயில். பனிக்காலம் முன்போல் நீளுவதில்லை என்ற புலம்பல் அங்கேயும் இருக்கிறது.

"ராத்திரி மைனஸ் இருபதுல யாரு தண்ணி விடுறது?"

"ஆடுறவங்களும் ஊர்க்காரங்களும்தான். லஸ்கர் வேலைக்கு ஆள் போட அங்க என்ன சர்க்கார் டேமா இருக்கு?"

ஆரம்ப காலத்தில் அங்கே ராணுவ பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு சறுக்கியவர்கள் உண்டு. ஆண்கள் ஆடினார்கள், பட்டாளத்துக்காரர்கள் ஆடினார்கள். பெண்கள்? அவர்களும் ஆடினார்கள், ஆண்கள் ஆடி முடித்த பிறகு, மிச்சம் இருக்கிற நேரத்தில். அதற்குள் வெயில் ஏறி ஐஸ் இளகியிருக்கும், அல்லது இருட்டியிருக்கும். மட்டையும் உறையும் யாரோ போட்டுக் கழித்ததாக இருக்கும்.

"மிச்ச நேரமா? நம்ம வீட்டுச் சோறு மாதிரின்னு சொல்லு" என்று அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. மாமா குனிந்து ரசத்தைத் தேடினார்.

2016-ல் முதல்முறையாக இந்தியப் பெண்கள் அணி என்று ஒன்று வெளிநாடு போனது. தைவானில் தைபே நகரம், ஆசிய சேலஞ்ச் கோப்பை. அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள். முதல் மேட்ச் சிங்கப்பூரோடு. எட்டுக்கு ஒன்று என்று தோல்வி.

"எட்டா?" என்றாள் அக்கா பொண்ணு, மூலையிலிருந்து.

"ஒண்ணு போட்டாங்கல்ல?" என்றார் மாமா. எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை கவனியுங்கள். சிங்கப்பூர், மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து... இந்த ஊர்களில் வானத்திலிருந்து ஒரு துளி பனி விழாது. மரக்காணம் மாதிரிப் புழுங்கும் ஊர்கள். ஆனால் கட்டடத்துக்குள் மெஷின் வைத்த ஐஸ் தளம் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் பழகலாம். இமயமலையை வீட்டுக் கொல்லையில் வைத்திருக்கிற நம் பெண்களுக்கு வருஷத்தில் இரண்டு மாதம்தான் ஐஸ்! டேராடூனில் 2011-ல் பெரிய ஐஸ் அரங்கம் ஒன்று கட்டினார்கள். அது பல வருஷம் மூடிக் கிடந்து, 2025-ல்தான் மறுபடி திறந்தது. ஐஸைப் பெட்டியில் பூட்டி வைப்பதில் எங்கள் ஊரை மிஞ்சிவிட்டார்கள்.

மெஷின் ஐஸ் எப்படி உறைகிறது என்று மாமா கேட்டார். தரைக்கு அடியில் குழாய் பதித்து, அதில் கடுங்குளிர்ச்சியான உப்புத் தண்ணீரை ஓடவிடுவார்கள். உப்புக் கரைசல் அவ்வளவு சீக்கிரம் உறையாது. தான் உறையாமல் மேலே இருக்கிற நல்ல தண்ணீரை உறையவைக்கும். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைப் போடுகிறாரே, அதே சூட்சுமம்தான்.

"அப்படி வா! உப்பில்லாம உலகத்துல எந்த ஆட்டமும் கிடையாது!" மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது நாம் திங்கிற உப்பு இல்லை, பெரும்பாலும் கால்சியம் குளோரைடு என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அல்லது விழாத மாதிரி இருந்தார்.

2017-ல் பாங்காக் போகக் காசில்லை. இன்டர்நெட்டில் பொதுமக்களிடம் கேட்டு வசூலித்துத்தான் போனார்கள். அங்கே பிலிப்பைன்ஸை 4-3 என்று ஜெயித்தார்கள். இந்தியப் பெண்கள் சர்வதேச ஐஸ் ஹாக்கியில் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்த வருஷம், கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஹேலி விக்கன்ஹைசர் என்ற வீராங்கனை லடாக்குக்கே வந்து இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதே 2018 கடைசியில் கனடாவில் கால்கரி நகரத்துக்கு, அவர் நடத்தும் போட்டிக்கு, இவர்களை அழைக்கவும் செய்தார்.

அணியின் கோல்கீப்பராக இருந்தவர் நூர் ஜஹான். அவர் தொழில் என்ன தெரியுமா? லடாக்கின் பழைய சுவரோவியங்களைச் சிதையாமல் மீட்டெடுப்பது.

"பகல் முழுக்க சுவத்தைக் காப்பாத்திட்டு, சாயங்காலம் தானே சுவரா நிக்குதா!" என்றாள் அக்கா. இப்போது அவளும் கரண்டியோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னது அக்கா பொண்ணுக்காக. ஐஸில் ஒரு சமயத்தில் ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. பந்து கிடையாது, மூன்று அங்குல அகலத்தில், ஒரு அங்குல கனத்தில் ரப்பர் வட்டு. துள்ளாமல் இருக்க அதையும் முன்கூட்டியே குளிரவைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுப்பார்கள். ஒருத்தி முழு மூச்சாக ஆடினால் முக்கால் நிமிஷம். உடனே வெளியே வந்து அடுத்தவளை உள்ளே விடவேண்டும். ஆட்டம் நிற்காது, ஓட்டத்திலேயே ஆள் மாறும்.

"எங்களுக்கு ரெய்டு முப்பது செகண்ட்" என்றாள் அவள். தட்டு மடிக்கு வந்திருந்தது. "ஆனா அங்க மூச்சு வாங்குமே சித்தி, அவ்வளவு உயரத்துல?"

வாங்கும். அதோடுதான் ஆடுகிறார்கள். 2024-லிருந்து ஜனவரியில் லேயில் ஒரு லீக் நடக்கிறது. பெண்களுக்கும் தனியாக அணிகள் உண்டு. நடத்துவது ராயல் என்ஃபீல்ட். "நம்ம புல்லட்டா?" என்றார் மாமா. திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் செய்கிற அதே புல்லட்தான். லீக் ஃபைனலுக்குத் தயாராகிறவர்களுக்கு மற்ற ஊர் மாதிரி வருஷம் முழுக்கப் பழகிவிட்டுக் கடைசி மாதம் ஓய்வெடுக்கிற பாக்கியம் இல்லை. ஐஸ் பிடித்த சில வாரத்துக்குள் பழகவும் வேண்டும், ஜெயிக்கவும் வேண்டும். ஐஸ் இல்லாத மாதங்களில் ஓட்டம், உடற்பயிற்சி, சக்கரம் வைத்த ஸ்கேட்டிங். விடியற்காலைக் குளிரில் இறங்கினால்தான் தளம் கெட்டியாக இருக்கும். மத்தியான வெயிலில் பிளேடு மாவில் போன மாதிரி இழுக்கும்.

பத்திரிகைகளில் இவர்களைப் 'பனிச் சிறுத்தைகள்', 'ஐஸ் ராணிகள்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ பிடிக்கவில்லை. ராணி எங்கே ராத்திரியில் வாளியோடு நிற்பாள்?

2025 ஜூனில் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அல் அய்ன் என்கிற பாலைவனத்து ஊரில் பெண்கள் ஆசியக் கோப்பை. வெளியே மண்டை பிளக்கும் வெயில், உள்ளே ஐஸ். இந்தியா வெண்கலம் வாங்கியது. நான் பேப்பரில் தேடித் தேடிப் பார்த்தேன்; கிரிக்கெட் செய்திக்குக் கீழே, தபால்தலை அளவில் இருந்தது.

"இதுல என்ன வருமானம் வருது அந்தப் புள்ளைங்களுக்கு?" மாமா கடைசியில் தன் கேள்விக்கு வந்துவிட்டார்.

பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான் நிஜம். ஆனால் இந்தோ - திபெத் எல்லைக் காவல் படை பெண்களுக்கென்றே ஐஸ் ஹாக்கி அணி வைத்திருக்கிறது. கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளில் அது லடாக் அணிக்குச் சரியான போட்டி. நம் தமிழ்நாட்டிலும் அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு மூன்று சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது.

"கபடிக்குமா?"

"கபடிக்கும்தான்."

மாமா கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். பீடி நெருப்பு மட்டும் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் தெரிந்தது. திரும்பி வந்தவர் மகளைப் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார்: "மூணு நாளும் நீ கூடப் போ. நான் அந்தப் பாத்தியையும் சேர்த்து வாரிக்கறேன். ரெண்டு ஆள் வேலை ஒண்ணும் என்னைச் சாப்பிட்டுடாது." அப்புறம் என்னைப் பார்த்து, "அது சரி, இதுங்க பழகறது எங்க?" என்றார்.

ரோட்டோரத்தில். ஜல்லி மேல். அதுதான் முட்டியெல்லாம் அந்தக் கோலம்.

மறுநாள் சாயங்காலம் அளத்திலிருந்து வந்ததும் கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். பன்னிரண்டு மீட்டர், எட்டு மீட்டர். "உப்பு மண்ணு வேணாம், காயத்துல பட்டா எரியும்" என்று எங்கிருந்தோ டிராக்டரில் செம்மண் வரவழைத்தார். காசு யார் கொடுத்தது என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் தெளித்து, கூட்டாளிகள் நாலு பேரைக் கூப்பிட்டு, பாத்தி மிதிக்கிற மாதிரியே மிதித்தார்கள். முப்பது வருஷமாகத் தரை மிதித்த கால்கள். தேங்காயை உருட்டிவிட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து மட்டம் சரி செய்தார்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார் மாமா. ஒருநாள் விட்டு, இறுகவிட்டு, மறுநாள் இன்னொரு தெளிப்பு.

ஃபைனல்ஸ் வருகிற வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலையில் பெண்கள் பழகலாம் என்று வந்தபோது, தெருப் பையன்கள் ஏற்கெனவே கோட்டுக்குள் இறங்கி இரண்டு அணியாகப் பிரிந்து நின்றுகொண்டிருந்தார்கள். "நாங்க முடிச்சதும் நீங்க ஆடுங்க" என்றான் அதில் பெரியவன், ரொம்பத் தாராளமாக.

அக்கா அளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோளில் உப்பு வாருகிற பலகை. அதை இறக்கி நடுக்கோட்டில் ஊன்றினாள்.

"எட்டு மணி வரைக்கும் பொண்ணுங்க. அப்புறம் மிச்ச நேரம் உங்களுக்கு."